முப்பதுக்கு மேல் எட்டு கிலோ

முரளி,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய குரல்செய்தியை நான் தனியாகக் கேட்கவில்லை. எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று உனக்குத்தான் தெரியுமே, ஸ்பீக்கரில் போட்டேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நைனா, அம்மாவுக்கு ஸ்வப்னாவப் புடிக்கல. தெலுங்குக்காரின்னு மனசுல வெச்சுகினு கீது. முட்டி வலி, அது இதுன்னு இனிமே சாக்கு சொல்ல வேணாம்னு சொல்லிடு. டிக்கெட்ட நான் கேன்சல் பண்ணிடறேன்." நீ சொன்னதில் ஒரு சொல் விடாமல் அவள் கேட்டாள். கீரையை முறத்தோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று எங்கள் வீட்டில் அந்தக் கீரை வேகவில்லை.

உன் மேல் எனக்குக் கோபமில்லை. நீ நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஸ்வப்னாவுக்கு எட்டாவது மாதம். அவள் அம்மாவுக்கு இதய ஆபரேஷன் ஆகி, விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்தாரில் அந்தப் பெண்ணுக்கு நீ ஒருவன்தான், உனக்கோ ஷிஃப்ட் வேலை. தலைப்பிரசவத்துக்கு வா என்று பெற்ற அம்மாவுக்கு டிக்கெட் எடுத்து அனுப்புகிறாய், அவள் வரமாட்டேன் என்கிறாள். போன வருடம் கல்யாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் கிளம்பியபோதும் அவள் கையால் ஒரு பாட்டில் ஊறுகாய்கூட வைத்து அனுப்பவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் அதுதான் தோன்றும். ஆனால் அது உண்மையில்லை, முரளி. உண்மை என்னிடம் இருக்கிறது. நாலு வருடமாக அதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். இன்று எழுதுகிறேன். நிதானமாகப் படி, நடுவில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யாதே.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், ஆனால் ஸ்வப்னாவுக்குத் தெரியாது. அவளுக்கும் நீ இதைப் படித்துக் காட்ட வேண்டும், அதனால் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையில் முப்பத்தோரு வருடம் வே பிரிட்ஜில் உட்கார்ந்தவன் நான். பழைய இரும்பு ஏற்றிய லாரி உள்ளே வரும்போது தரையோடு பதித்த அந்த மேடையில் ஏறி நிற்கும், நான் எடை பார்த்துச் சீட்டு கொடுப்பேன். இறக்கிவிட்டுப் போகும்போது காலி வண்டியை மறுபடி எடை போடுவேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. டிரைவர்கள் செய்யாத தில்லுமுல்லு கிடையாது. வரும்போது டேங்கில் தண்ணீர் ரொப்பிக்கொண்டு வந்து, போகும்போது திறந்துவிட்டுவிடுவான் ஒருவன். எடை போடும் நேரத்தில் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஆளைப் படுக்கவைப்பான் இன்னொருவன். கண்டுபிடித்துக் கண்டுபிடித்து எனக்கு அதில் ஒரு கர்வமே வந்துவிட்டது. என் கையெழுத்துப் போட்ட சீட்டில் தப்பு இருந்ததாக ஒரு பயல் நிரூபித்தது கிடையாது. வீட்டில்கூட இதைச் சொல்லிச் சொல்லியே உனக்கும் உன் அம்மாவுக்கும் காது புளித்துப் போயிருக்கும்.

நீ முதல் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பிப் போனாயே, நாலு வருடத்துக்கு முன்பு, அந்தப் பயணத்தைத்தான் சொல்ல வருகிறேன். அப்போது உனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆறு பேர் ஒரு ரூமில் இருந்தீர்கள். அங்கே தோசை ஒட்டிக்கொள்கிறது, பிய்ந்துபோகிறது என்று நீ ஒரு தடவை போனில் சொன்னதை உன் அம்மா பிடித்துக்கொண்டாள். பொன்னேரி சந்தையில் புது இரும்புக்கல் ஒன்று வாங்கினாள். கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, வெங்காயத்தைத் தேய்த்து, தினம் அதில் ஒரு தோசை ஊற்றித் தூரப்போட்டு, மறுபடி எண்ணெய் தடவி, ஒரு மாதத்துக்கு மேல் பழக்கினாள். நீ லீவில் வருவதற்குள் அது கறுப்பாக, வழவழவென்று ஆகியிருந்தது. அது போக பழவேற்காட்டிலிருந்து வாங்கிவந்த நெத்திலிக் கருவாடு, காய்ந்த எறா, அவளே அரைத்த மிளகாய்த்தூள், கேழ்வரகு மாவு, எலுமிச்சை ஊறுகாய். நீ இருந்த இருபத்தைந்து நாளும் அவள் உன்னோடு பேசியதைவிடப் பொட்டலம் கட்டியதுதான் அதிகம். நீகூட கேலி செய்தாய், அவள் சிரித்தாள்.

பெட்டியில் முப்பது கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது, ஏறினால் கிலோவுக்கு இவ்வளவு என்று தீட்டிவிடுவார்கள் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். சரி, எடை நம்ம டிபார்ட்மென்ட் ஆச்சே என்று பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சின்னத் தராசு மிஷினை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தேன். நீ நண்பர்களைப் பார்க்கப் போயிருந்தாய். நானும் உன் அம்மாவும் ஒவ்வொரு பொட்டலமாக வைத்து எடுத்தோம். முதலில் முப்பத்திரண்டரை காட்டியது. அவள் மாவைக் கொஞ்சம் எடுத்தாள், கருவாட்டில் தலைகளைக் கிள்ளிப் போட்டாள், ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாற்றினாள். சரியாக முப்பது வந்ததும் பரீட்சை பாஸான பிள்ளையைப் போல என்னைப் பார்த்தாள். அந்த முகத்தைத்தான் இப்போது இதை எழுதும்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் நீ கிளம்ப வேண்டும். அன்று சாயங்காலம் எங்கள் ஆலை மேனேஜர் என்னை அவர் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். எனக்கு ஐம்பத்தெட்டு முடிய ஐந்து மாதம்தான் இருந்தது. அதற்கப்புறம் கான்ட்ராக்டில் இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்வார்களா என்று நான் அவர் பின்னால் நாய்க்குட்டி மாதிரி சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. என் மகள் கத்தாரில் இருக்கிறாள், உன் மகனும் அங்கேதானே, இந்தச் சின்னப் பெட்டியை எடுத்துப் போகச் சொல்லேன் என்றார். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் டேப் போட்டு இறுக்கி ஒட்டியிருந்தது. தூக்கினேன். முரளி, என் கை முப்பத்தோரு வருடம் இரும்பைப் பார்த்த கை. தூக்கின உடனே தெரிந்துவிட்டது, ஏழரை எட்டு கிலோவுக்குக் குறையாது. "கொஞ்சம் வெயிட்டா இருக்குமோ?" என்று அவரே கேட்டார். "அதெல்லாம் இல்ல சார், இது இன்னா சார் வெயிட்டு" என்றேன். அவர் மனைவி எனக்கு காபி கொடுத்தார். காபியைக் குடித்துவிட்டுப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன்.

தராசு மிஷின் அப்போதும் நம் வீட்டில்தான் இருந்தது. கடைக்காரன் காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தான். நான் அந்தப் பெட்டியை அதன் மேல் வைக்கவில்லை. வைத்தால் எட்டு என்று காட்டும், காட்டினால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன், இது என் தொழிலில் இருக்கிறவன் மட்டுமே பண்ணக்கூடிய முட்டாள்தனம். எங்கள் வே பிரிட்ஜ் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும். இருபது டன் லாரியில் எட்டு கிலோ ஏறினாலும் இறங்கினாலும் பெரும்பாலும் எண்ணே மாறாது. டிரைவர் ஒரு மூட்டை வெங்காயம் வாங்கி வைத்திருந்தாலும் நாங்கள் கண்டுகொள்ள மாட்டோம். முப்பத்தோரு வருடம் டன் டன்னாகப் பார்த்த புத்திக்கு எட்டு கிலோ என்பது ஒரு எடையாகவே படவில்லை. அங்கேயும் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருப்பான், பார்த்தும் பார்க்காமல் தள்ளிவிடுவான் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

காலையில் நீ குளிக்கப் போனாய், உன் அம்மா பால் வாங்கப் போனாள். நான் உன் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த போர்வையை விலக்கி, அட்டைப்பெட்டியை அடியில் திணித்து வைத்தேன். மூடுகிற நேரத்தில் அவள் வந்துவிட்டாள். அது என்ன என்றாள், மேனேஜர் கொடுத்தது, இரண்டு கிலோதான் என்றேன். "அத்தயும் சேத்து எட போட்டியா?" என்று கேட்டாள். போட்டேன், மாவில் இரண்டு கிலோ குறைத்துவிட்டேன், எல்லாம் சேர்த்து முப்பதுதான் என்றேன். உன் அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. எடை விஷயத்தில் நான் சொன்னால் சொன்னதுதான் என்று அவளை நான்தானே பழக்கியிருந்தேன்.

விமான நிலையத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்கும், ஆனால் நீ பார்த்தது உள்ளேயிருந்து. நானும் அவளும் வெளியே கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம். உள்ளே போன நீ அரை மணியில் போன் செய்தாய், முப்பத்தெட்டு காட்டுது நைனா, எட்டு கிலோவுக்குப் பணம் கட்டு, இல்லையென்றால் எடுத்துவிட்டு வா என்கிறார்கள் என்று. வாசலில் நின்ற காவலர் தயவு பண்ணி உன்னைக் கதவோரம் வரை வரவிட்டார். அங்கேயே தரையில் பெட்டியைத் திறந்தாய். உன் பின்னால் ட்ரோலியோடு நாலைந்து பேர். உனக்கு முகமெல்லாம் வேர்த்துப்போயிருந்தது. கிலோவுக்கு அறுநூறு ரூபாய் என்றாய், கட்டிவிடலாமா நைனா என்று என்னைத்தான் கேட்டாய். என் சட்டைப்பையில் ஐயாயிரம் இருந்தது. கட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். கட்டினால் எட்டு கிலோ எங்கேயிருந்து வந்தது என்ற பேச்சு வரும் என்று பயந்தேன். அதனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கருவாட்டுக்கு எவனாவது ஏரோப்ளேன் சார்ஜ் கட்டுவானா?" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் கொஞ்சம் சிரித்தாய். உன் அம்மா சிரிக்கவில்லை.

அதோடு விட்டேனா? நீ அட்டைப்பெட்டி மேல் கை வைத்தாய். அதைத் தொடாதே, கண்ணாடிச் சாமான், மேனேஜர் நம்பிக் கொடுத்தது என்றேன். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, நான் எடை போட்டப்புறம் நீ என்னத்தையோ திணித்திருக்கிறாய் என்று கத்தினேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. காரணம், அவள் திணித்திருந்தாள். நான் எடை போட்ட பிறகு, உனக்குப் பிடிக்குமே என்று அரைக் கிலோ அதிரசத்தை ஒரு ஓரத்தில் செருகியிருந்தாள். அதை நான் பார்த்திருந்தேன், முரளி. பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் உதவும் என்பது போல மனசில் போட்டு வைத்திருந்தேன். நீ தோசைக்கல்லை எடுத்து வெளியே வைத்தாய். கருவாடு, எறா, தூள், மாவு என்று ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் கொடுத்தாய். "ஏம்மா, இன்னாத்துக்கும்மா இவ்ளோ? நாலு பேர் எதுர்ல பேஜாராப் போச்சு பாரு" என்று சொன்னாய். அவள் எல்லாவற்றையும் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். நேரமாகிவிட்டது என்று பெட்டியை மூடி ஓடினாய். போய்ட்டு வரேன் என்று அவளிடம் நீ சொல்லவில்லை. அவசரத்தில் மறந்திருப்பாய். அவள் நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மறையும் வரை அங்கேயே, முந்தானையைப் பிடித்தபடி நின்றாள்.

அந்த அட்டைப்பெட்டியில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது. நீ அங்கே இறங்கினதும் மேனேஜர் மருமகனின் டிரைவர் வந்து, உன் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அதைத் தானே தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று நீயே சொன்னாய். ஒரு வாரம் கழித்து மேனேஜர் மனைவி என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார், பெண் புதுவீடு புகுகிறாள், ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு அனுப்பினோம், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று. விளக்கு போய்ச் சேர்ந்தது. எனக்குக் கான்ட்ராக்ட் வரவில்லை. ஐந்தாவது மாசம் சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வந்திருந்தாலும் என் தப்பு ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை, ஆனால் எதற்காக இதைச் செய்தேனோ அதுகூட இல்லாமல் போயிற்று என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

திருப்பிக் கொண்டுவந்த சாமானை உன் அம்மா இரண்டே நாளில் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துத் தீர்த்தாள். அதற்கப்புறம் நீ எத்தனை முறை கேட்டாலும் எதையும் அனுப்பியதில்லை. கத்தாருக்குப் போகிறவர்கள் யாராவது வீடு தேடி வந்து, உங்க பையனுக்கு எதாவது கொடுங்க என்று கேட்டால்கூட, வேணாம்ப்பா, உனக்குக் கனமாகிவிடும் என்று திருப்பி அனுப்பிவிடுவாள். போன வருடம் உன் கல்யாணத்துக்கப்புறம் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்வப்னாவின் அம்மா ஆவக்காய், பருப்புப்பொடி, அரிசெலு என்கிற அவர்கள் ஊர் அதிரசம் என்று இரண்டு பை கொண்டுவந்து இறக்கினார்கள். ஸ்வப்னா உன் அம்மாவைப் பார்த்தாள், "அத்தம்மா, நீங்க எதுவும் தரலையா?" என்று அரைகுறைத் தமிழில் ஆசையாகத்தான் கேட்டாள். "அங்கயே எல்லாம் கெடைக்குதேம்மா" என்றாள் இவள். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். எடை அதிகமாகி மறுபடி பிள்ளைக்கு அவமானம் வந்துவிடும் என்று பயந்துதான் இவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பழைய கதை கிளறும். நான் பெட்டிக்குக் கயிறு கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அப்பன் மகனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான், அதுவும் நான் செய்யாததுதான். மேலே இருக்கிறவன் எதையாவது தூக்கச் சொன்னால், முடியாது சார் என்று சொல்லப் பழகு. நான் பழகவில்லை. என் அப்பா பொன்னேரிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர், வரப்பில் ஆண்டை நின்றால் நிமிர்ந்து பேசமாட்டார், எனக்கு அவரைப் பார்த்தால் கோபம் வரும். பேன்ட் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் சீட்டு அடித்த நான் என்ன செய்தேன்? அதே கூன்தான். அந்தக் கூனோடு வீட்டுக்கு வந்தால் அந்தக் கனம் யார் தலையிலாவது இறங்கும், பெரும்பாலும் கட்டியவள் தலையில். உனக்கும் இப்போது மனைவி இருக்கிறாள். நாலு பேரை அவளைப் பார்த்துச் சிரிக்கவைத்து நீ தப்பிக்காதே. அந்தச் சிரிப்பு ஒரு நிமிஷம்தான் நமக்கு, அவளுக்கு அப்படியில்லை.

இப்போது ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்று சொல்கிறேன். முட்டி வலி பொய்யில்லை, ஆனால் அது காரணமில்லை. போன வாரம் நான் வற்புறுத்தியபோது சொன்னாள், அவள் அங்கே வெறும் கையோடு போக முடியாதாம். பிள்ளை பெறப்போகிறவளுக்குப் பிரசவ மருந்து இடிக்க வேண்டும், பூண்டு வேண்டும், பழைய வேட்டித் துணி வேண்டும், கருவாடு வேண்டும். எதை வைத்தாலும் எடை ஏறும். "என்னால கணக்கு பாக்க முடியாது. ஏர்போர்ட்ல போய் நின்னு என்னயும் என் புள்ளயயும் பாத்து மறுபடி நாலு பேர் சிரிக்கணுமா? ஏற்கெனவே ஒரு தபா அவன் மானத்த வாங்கினவ நானு" என்றாள். நாலு வருடமாக அவள் தன்னைப் பற்றி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று நான், அதெல்லாம் பழைய கதை விடு என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன்.

உன் குரல்செய்தி வந்த மறுநாள் காலையில்தான் எனக்கு வாய் திறந்தது. அவள் அடுப்படியில் இருந்தாள். போய் வாசற்படியில் நின்று சொன்னேன், அந்த அட்டைப்பெட்டி எட்டு கிலோ, தெரிந்தேதான் வைத்தேன், உன் சாமான் சரியாக முப்பது, உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று. அவள் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கழுவினாள். "அவனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். இன்றே போன் செய்து சொல்லிவிடுகிறேன் என்றேன். "வாயால வேணாம். வாயால சொன்னா நீ மழுப்புவ. சிரிச்சுகினே சொல்லி முடிச்சுடுவ. எழுதிக் குடு. அந்தப் பொண்ணுக்கும் அவன் படிச்சுக் காட்டட்டும்" என்றாள். அதனால்தான் முரளி, போனில் பேசாமல் இப்படிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன்.

இதுவரை எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். எட்டாவது படித்தவள், எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் படித்தாள். அதிரசம் வருகிற இடத்தில் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். முழுக்கப் படித்துவிட்டுத் தாள்களை என் மடியில் வைத்தாள். "காருல வரும்போது நடந்தத எழுதல நீ" என்றாள்.

எழுதவில்லை. எழுதாமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். இப்போது எழுதுகிறேன்.

அன்று விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் திரும்பினோம். செங்குன்றம் தாண்டினதும் அவள் கேட்டாள், "நான் அப்பால வெச்சது அர கிலோ அதிரசம்தான். எட்டு கிலோ எப்டி வந்துச்சு? அந்தப் பொட்டி எவ்ளோ இருக்கும், நெசத்த சொல்லு." டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். எனக்கு ஆத்திரம் வந்தது. பிடிபட்டவனுக்கு வருகிற ஆத்திரம், வே பிரிட்ஜில் எத்தனையோ டிரைவர்களிடம் நான் பார்த்த அதே ஆத்திரம். "ரெண்டு கிலோதான். நம்ம புள்ள மேல சத்தியம்" என்றேன். சொன்னதோடு நிற்காமல் சீட்டில் கிடந்த உன் போட்டோ மேல், நீ மறந்துவிட்டுப் போன பாஸ்போர்ட் சைஸ் போட்டோக் கவர் மேல், கையையும் வைத்தேன். உன் அம்மா அந்த நிமிஷமே நம்பிவிட்டாள். பெற்ற பிள்ளை மேல் எவன் பொய்ச் சத்தியம் செய்வான்? அப்படியென்றால் நான்தான் என்னென்னவோ வைத்துத் தொலைத்திருக்கிறேன், எனக்கே நினைவில்லை என்று சொல்லி அழுதாள். கும்மிடிப்பூண்டி வரும் வரை அழுதாள். நான் தேற்றினேன். பரவாயில்லை விடு என்று நான் அவளை மன்னித்தேன்.

ஏழு மாதம் கழித்து நீ சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது என்று சேதி வந்தது. உன் நண்பன் போனில் சொல்லச் சொல்ல எனக்குக் காரும் அந்தப் போட்டோவும்தான் கண்ணில் நின்றது. அடுத்த ஞாயிறு பெரியபாளையம் போய் கோயிலைச் சுற்றி உருண்டேன். முதுகெல்லாம் தோல் உரிந்து வந்தேன். பிள்ளை மேல் எவ்வளவு பாசம் பார் என்று ஊரே சொன்னது, உன் அம்மா என் முதுகுக்கு மஞ்சள் பத்துப் போட்டுவிட்டாள். போடும்போது அவள் சொன்னாள், நான் அன்று அவனை அவமானப்படுத்தி அனுப்பினேனே, அதுதான் அவனுக்கு இப்படி ஆயிற்று என்று. குப்புறப் படுத்திருந்தேன், முரளி. அவள் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இதைவிடக் கேவலமாக என்னிடம் வேறு எதுவும் இல்லை. ஸ்வப்னாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிப் போகாதே.

இந்தக் கடைசிப் பக்கத்தையும் உன் அம்மா படித்தாள். படித்துவிட்டு பீரோவைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து வெளியே வைத்தாள். உனக்காக இல்லை, எனக்காகவும் இல்லை, அந்தப் பெண்ணுக்கு அங்கே யாரும் இல்லை, அதற்காகப் போகிறேன் என்றாள். விமான நிலையத்துக்கு நான் வரக் கூடாதாம். வாசலோடு நின்றுகொள் என்றாள். சரி என்றேன். பிரசவம் முடிந்து அவள் திரும்பி வருவாளா, அங்கேயே உன்னோடு இருந்துவிடுவாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீயும் அவளைக் கேட்காதே. அவள் வருகிறாள், முரளி. அங்கே விமான நிலைய வாசலில் போய் முதல் ஆளாக நில்.

உன் நைனா